வண்டி கேள்வி–பதில்: பிரேக் விளக்கின் ஒயரைக் கழற்றிவிடலாமா?

கேள்வி: ‘‘கொல்லிமலையில் வாழையும் மிளகும் பயிர் செய்கிறோம். எட்டு வருடம் ஓடிய பிக்-அப் வண்டி ஒன்று இருக்கிறது. வாரத்தில் இரண்டு நாள் வாழைத்தார் ஏற்றிக்கொண்டு மலையை விட்டு இறங்குகிறோம். போன மாதம் மீட்டர் போர்டில் சிவப்பு விளக்கு எரிந்தது. பிரேக் ஆயில் குறைந்திருக்கிறது என்று ஒர்க் ஷாப்பில் ஊற்றிக் கொடுத்தார்கள், விளக்கு அணைந்துவிட்டது. இப்போது மறுபடியும் எரிகிறது. பிரேக் நன்றாகப் பிடிக்கிறது, சென்சாரில்தான் கோளாறு, ஒயரைக் கழற்றிவிட்டால் தொல்லை இருக்காது என்கிறார்கள். வண்டி ஓட்டுவது என் மகன். கழற்றிவிடலாமா?’’

– நாமக்கல் மாவட்ட வாசகி ஒருவர்

பதில்: கழற்ற வேண்டாம். காரணம் தெரிந்து சரிசெய்யும் வரை, லோடு ஏற்றிக்கொண்டு அந்த வண்டியை மலையிலிருந்து இறக்கவும் வேண்டாம். காரவள்ளி வரை 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள பாதை அது. அந்த விளக்கு என்ன சொல்கிறது என்று புரிந்துகொண்டால், ஏன் இவ்வளவு கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது என்பது விளங்கும்.

வட்டத்துக்குள் ஆச்சரியக்குறி, அதன் இரண்டு பக்கமும் அடைப்புக்குறி போன்ற வளைகோடு. இதுதான் பிரேக் எச்சரிக்கை விளக்கு. சாவியைத் திருப்பியதும் எரிந்து, சில நொடிகளில், அல்லது என்ஜின் ஓடத் தொடங்கியதும் அணைந்துவிட்டால் அது சரி. பல்பு வேலை செய்கிறதா என்று வண்டி தன்னைத்தானே சோதித்துக்கொள்கிறது. ஹேண்ட் பிரேக் போட்டிருந்தாலும் எரியும். ஹேண்ட் பிரேக்கை முழுதாக இறக்கிய பிறகும் எரிந்தால்தான் விஷயம் இருக்கிறது.

அதனால் முதல் வேலையாக, ஹேண்ட் பிரேக் லீவரை நன்றாகக் கீழே அழுத்திப் பாருங்கள். லீவருக்கு அடியில் சிறிய சுவிட்ச் ஒன்று உண்டு. மண்ணும் தூசியும் அடைத்து அது ஒட்டிக்கொண்டாலும் விளக்கு அணையாது. லீவரை ஏற்றி இறக்கும்போது விளக்கு மின்னி மின்னி எரிந்தால் கோளாறு பெரும்பாலும் சுவிட்சில்தான். ஆனால், உங்கள் வண்டியில் ஆயில் ஊற்றியதும் விளக்கு அணைந்திருக்கிறது. ஆகவே சுவிட்ச், சென்சார் இரண்டும் சரியாகவே வேலை செய்கின்றன. ஆயில் குறைந்ததைச் சென்சார் உள்ளபடி சொல்லியிருக்கிறது.

ஆயில் எங்கே போனது?

என்ஜின் ஆயிலைப்போல் எரிந்து குறைவதோ, ரேடியேட்டர் தண்ணீரைப்போல் ஆவியாகிக் குறைவதோ பிரேக் ஆயிலுக்குக் கிடையாது. அது மூடிய குழாய்களுக்குள்ளேயே இருக்கும். மோட்டார் ஓடியும் கடைசி வயலுக்குத் தண்ணீர் போய்ச் சேரவில்லை என்றால், கிணற்றில் இன்னும் தண்ணீர் ஊறட்டும் என்று எந்த விவசாயியும் காத்திருப்பதில்லை. குழாய் எங்கே உடைந்திருக்கிறது என்றுதான் தேடிப்போவார். பிரேக் ஆயில் குறைந்தாலும் அப்படித்தான் தேட வேண்டும்.

குறைவதற்கு இரண்டு வழிகள் உண்டு. முதலாவது, பிரேக் பேட் தேய்வது. டிஸ்க் பிரேக்கில் பேட் தேயத் தேய, அதைத் தள்ளும் பிஸ்டன் வெளியே வரும். பின்னால் உண்டாகும் இடத்தை ஆயில் நிரப்பும். அதனால் டப்பாவில் மட்டம் இறங்கும். ஆனால், இது பல ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய பிறகு மெதுவாகத் தெரிவது. இரண்டாவது, கசிவு. ஊற்றி ஒரு மாதத்துக்குள் மறுபடியும் விளக்கு எரியும் அளவுக்குக் குறைந்திருந்தால், கசிவு என்றே எடுத்துக்கொண்டு தேட வேண்டும்.

வளைவில் திரும்பும்போதும் இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போதும் மட்டும் விளக்கு மினுக்கி அணைவதை அலட்சியம் செய்யக் கூடாது. ஆயில் மட்டம் எல்லைக் கோட்டுக்கு வந்துவிட்டது, வண்டி சாயும்போது மிதவை இறங்குகிறது என்று அர்த்தம். முதல் அறிகுறி பெரும்பாலும் இப்படித்தான் தெரியும்.

‘பிரேக் நன்றாகப் பிடிக்கிறதே!’

இந்த நம்பிக்கைதான் ஆபத்து. இன்றைய கார், பிக்-அப் வண்டிகளில் மாஸ்டர் சிலிண்டர் இரண்டு அறைகளாக இருக்கும். ஒவ்வோர் அறையும் தனித்தனியாக இரண்டு சக்கரங்களுக்கு ஆயில் அனுப்பும். ஒரு வழி கெட்டாலும் மற்றது காப்பாற்றட்டும் என்பதற்கான ஏற்பாடு இது. காலி வண்டியைத் தெருவில் ஓட்டிப் பார்த்தால் பாதி பிரேக்கே போதும், நன்றாகப் பிடிப்பதுபோல் தெரியும். ஒரு டன் லோடுடன் கொண்டை ஊசி வளைவில் இறங்கும்போதுதான் மீதிப் பாதி இல்லாதது தெரியவரும். அதற்கு முன்பே தெரிவிப்பதற்காகத்தான் அந்தச் சிவப்பு விளக்கை வைத்திருக்கிறார்கள். ஒயரைக் கழற்றினால் விளக்கு அணையும், கசிவு நிற்காது.

வீட்டிலேயே பார்க்க வேண்டியவை

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துவிட்டு இவற்றைப் பார்க்கலாம்.

1. பானெட்டைத் திறந்தால் டிரைவர் பக்கம், பின்புறத்தில் வெள்ளை நிற பிளாஸ்டிக் டப்பா இருக்கும். அதில் மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு. ஆயில் இரண்டுக்கும் நடுவில் இருக்க வேண்டும். வெளியிலிருந்தே மட்டம் தெரியும் என்பதால் மூடியைத் திறக்கத் தேவையில்லை. சீட்டுக்கு அடியில் என்ஜின் உள்ள சின்ன லோடு வண்டிகளில் டப்பா வேறு இடத்தில் இருக்கலாம். வண்டியோடு கொடுத்த புத்தகத்தில் படம் இருக்கும்.

2. நான்கு டயர்களின் உள்பக்கத்தையும் டார்ச் அடித்துப் பாருங்கள். ஈரமாக, வழவழப்பாக இருந்தால் அந்தச் சக்கரத்தின் வீல் சிலிண்டர் அல்லது காலிப்பர் கசிகிறது. பின்சக்கர டிரம்மில் இது அடிக்கடி நடக்கும்.

3. பிரேக், கிளட்ச் பெடல்களுக்கு அடியில் உள்ள மேட்டைத் தூக்கிப் பாருங்கள். பல வண்டிகளில் கிளட்ச்சும் இதே டப்பாவிலிருந்துதான் ஆயில் எடுக்கிறது. சக்கரங்களில் கசிவே இல்லை என்றால் கிளட்ச் சிலிண்டரைச் சந்தேகப்பட வேண்டும்.

4. இரவு வண்டி நிற்கும் இடத்தில் பழைய அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்து வையுங்கள். எந்தச் சக்கரத்துக்கு நேராகக் கறை விழுகிறது என்று காலையில் தெரிந்துவிடும்.

5. வண்டி நின்ற இடத்திலேயே என்ஜினை ஓடவிட்டு, பிரேக் பெடலை ஒரே அழுத்தமாக அரை நிமிடம் மிதித்துப் பிடியுங்கள். பெடல் ஓரிடத்தில் நிற்க வேண்டும். மெதுவாக உள்ளே போய்க்கொண்டே இருந்தால் கசிவு இருக்கிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டரின் உள் ரப்பர் போய்விட்டது. மிதிக்கும்போது பஞ்சுபோல் அமுங்கினால் குழாயில் காற்று புகுந்திருக்கிறது. இந்த இரண்டில் எது இருந்தாலும் வண்டியை ஓட்டக் கூடாது. மெக்கானிக்கை வண்டி இருக்கும் இடத்துக்கு வரவழையுங்கள்.

ஒர்க் ஷாப்பில் நான்கு சக்கரங்களையும் கழற்றி, பேட், ஷூ, சிலிண்டர் ரப்பர் எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். முடிந்தால் உங்கள் மகன் பக்கத்தில் நின்று பார்ப்பது நல்லது. ஆயில் பட்டு நனைந்த ஷூவைத் துடைத்துவிட்டு மறுபடி போடக் கூடாது. வலது, இடது இரண்டு பக்கமும் சேர்த்து மாற்ற வேண்டும். வேலை முடிந்ததும் குழாய்களில் காற்று எடுக்க வேண்டும். வீல் சிலிண்டரும் அதன் ரப்பரும் பிரேக் பாகங்களிலேயே விலை குறைந்தவை. செலவுக்குப் பயந்து தள்ளிப்போட வேண்டிய வேலை இல்லை.

எந்த ஆயில், எத்தனை நாளைக்கு?

டப்பா மூடியிலேயே ‘டாட் 3’ அல்லது ‘டாட் 4’ என்று எழுதியிருக்கும். அதைத்தான் ஊற்ற வேண்டும். அவசரத்துக்கு என்ஜின் ஆயிலையோ ஹைட்ராலிக் ஆயிலையோ ஊற்றினால், உள்ளே இருக்கும் ரப்பர் எல்லாம் ஊதிப்போய் மொத்த பிரேக்கும் கெட்டுவிடும். தவறுதலாக ஊற்றிவிட்டால் வண்டியை எடுக்காதீர்கள். பிரேக் ஆயில் பெயின்ட்டையும் அரிக்கும். சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவிவிட வேண்டும்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. பிரேக் ஆயில், காற்றில் உள்ள ஈரத்தை உப்புபோல் இழுத்துக்கொள்ளும். டாட் 3 வகையில் புது ஆயில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது அளவு. ஈரம் சேர்ந்த பிறகு இது 140 டிகிரிக்கு இறங்கிவிடும். டாட் 4 வகையில் 230 டிகிரி, 155 டிகிரி. மலை இறக்கத்தில் தொடர்ந்து பிரேக் பிடித்தால் சக்கரத்தில் உண்டாகும் சூடு பழைய ஆயிலைக் கொதிக்க வைத்துவிடும். கொதித்த ஆயிலில் குமிழி உண்டாகும். பெடலை மிதித்தால் குமிழிதான் நசுங்கும், பிரேக் பிடிக்காது. ஆயில் மட்டம் சரியாகவே இருப்பதால் சிவப்பு விளக்கும் எரியாது.

ஆகவே விளக்கு எரியவில்லை என்பதற்காகவும் முழுதாக நிம்மதி அடைய முடியாது. பொதுவாக இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பிரேக் ஆயிலை முழுதாக மாற்றச் சொல்வார்கள். எட்டு வருடத்தில் ஒருமுறையும் மாற்றவில்லை என்றால், இந்த வேலையோடு சேர்த்தே மாற்றிவிடுங்கள். ஏற்கெனவே திறந்து பாதி தீர்ந்த பாட்டிலை வீட்டில் வைத்திருந்து ஊற்ற வேண்டாம்.

இறக்கத்தில் ஓட்டும்போது

ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்று பழைய டிரைவர்கள் சொல்வதில் காரணம் இருக்கிறது. இரண்டாவது கியரில் இறங்கினால் வண்டியின் வேகத்தை என்ஜினே பிடித்துக்கொள்ளும், பிரேக்குக்கு வேலை குறையும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் இறக்குவதும், என்ஜினை அணைத்துவிட்டு உருட்டுவதும் உயிரோடு விளையாடுவது. என்ஜின் அணைந்திருக்கும்போது இரண்டு மூன்று முறை மிதித்ததும் பெடல் கல்லாகிவிடும்.

மலைப்பாதையில் சிவப்பு விளக்கு எரிந்தால், அகலமான இடம் பார்த்து மலைச்சுவர் ஓரமாக வண்டியை நிறுத்திவிடுங்கள். கருகிய வாசனை வந்தாலும் அப்படியே. சூடு ஆறும்வரை நிற்க வேண்டும். சூடான டிரம்மில் தண்ணீர் ஊற்றினால் விரிசல் விடும்.

பெடல் திடீரென்று உள்ளே போய்விட்டால், ஆக்ஸிலேட்டரை விட்டுவிட்டு பெடலை வேகமாக, திரும்பத் திரும்ப மிதிக்க வேண்டும். பல நேரம் ஓரளவு பிடி கிடைக்கும். கூடவே ஒவ்வொரு கியராகக் குறைக்க வேண்டும். ஹேண்ட் பிரேக் பட்டனை அழுத்திப் பிடித்தபடியே லீவரைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுக்க வேண்டும். ஒரே இழுப்பாக இழுத்தால் பின்சக்கரம் பூட்டி வண்டி சுழன்றுவிடும். ஹாரனை விடாமல் அடியுங்கள், ஹெட்லைட்டைப் போடுங்கள். சாவியை அணைக்காதீர்கள், ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளலாம். வேறு வழியே இல்லை என்றால் பள்ளத்துப் பக்கம் போகாமல், மலைச்சுவர் பக்கம் உரசி நிறுத்துவதுதான் உயிரைக் காக்கும். இதை உங்கள் மகனோடு ஒருமுறை உட்கார்ந்து பேசிவிடுங்கள். அந்த நேரத்தில் யோசிக்க அவகாசம் இருக்காது.

பழைய வண்டி வாங்குகிறவர்களும் இந்தக் கேள்வியிலிருந்து ஒன்றைத் தெரிந்துகொள்ளலாம். சாவியைத் திருப்பும்போது பிரேக் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். எரியவே இல்லை என்றால் பல்பு போயிருக்கிறது, அல்லது யாரோ கழற்றியிருக்கிறார்கள். பிறகு பானெட்டைத் திறந்து, ஆயில் டப்பாவின் மூடியிலோ பக்கவாட்டிலோ உள்ள சென்சாரில் ஒயர் செருகியிருக்கிறதா என்றும் பாருங்கள். ஒயர் தனியாகத் தொங்கினால், பிரேக்கை முழுதாகச் சோதிக்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

கேள்வி: ‘‘எங்களிடம் இருப்பது 2020-ல் வாங்கிய கார். அறுவடை நேரத்தில் சேறான வயல் பாதையில் போய் வந்த பிறகு ஆரஞ்சு நிறத்தில் ‘ஏபிஎஸ்’ என்ற விளக்கு எரிகிறது. பிரேக் வழக்கம்போல் பிடிக்கிறது. குழந்தைகளைப் பள்ளிக்கூடம் அழைத்துப் போகலாமா?’’

– தஞ்சாவூர் மாவட்ட வாசகர் ஒருவர்

பதில்: ஆரஞ்சு விளக்கு மட்டும் எரிந்தால், சாதாரண பிரேக் இருக்கிறது, ஏபிஎஸ் வேலை செய்யவில்லை என்று அர்த்தம். 2019 ஏப்ரல் முதல் நம் நாட்டில் விற்கும் புதிய கார்களில் ஏபிஎஸ் கட்டாயம். அவசரமாக பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்காமல், ஸ்டீயரிங் நம் சொல் கேட்கும்படி பார்த்துக்கொள்வது இதன் வேலை. இது இல்லாதபோது, மழை ரோட்டிலும் மணல் படிந்த ரோட்டிலும் ஓங்கி மிதித்தால் வண்டி சறுக்கும். பள்ளிக்கூடம் பக்கத்தில் என்றால் மெதுவாக, முன்வண்டிக்கு நிறைய இடைவெளி விட்டுப் போய் வரலாம். தள்ளிப்போடாமல் சரிசெய்துவிடுங்கள்.

ஒவ்வொரு சக்கரத்துக்கு அருகிலும் அதன் வேகத்தை அளக்கும் சிறிய சென்சார் இருக்கிறது. வயல் சேறு அதன்மேல் அப்பிக் காய்ந்துவிட்டால் அளவு தவறும், விளக்கு எரியும். சக்கரங்களின் உள்பக்கச் சேற்றைச் சாதாரணக் குழாய்த் தண்ணீரில் ஊறவிட்டுக் கழுவிப் பாருங்கள். அப்படியும் அணையவில்லை என்றால் சென்சாருக்குப் போகும் ஒயர் அறுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நெல் மூட்டையும் வைக்கோலும் உள்ள வீடுகளில் கார் நின்றால் எலி ஒயரைக் கடிப்பது சகஜம். எந்தச் சக்கரத்தில் கோளாறு என்று ஸ்கேனர் வைத்திருக்கும் ஒர்க் ஷாப்பில் சொல்லிவிடுவார்கள். கேட்காமல் எல்லாச் சென்சாரையும் மாற்ற வேண்டாம்.

ஆரஞ்சு விளக்கோடு சிவப்பு பிரேக் விளக்கும் சேர்ந்து எரிந்தால் நிலைமை வேறு. முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் பிரேக் பலத்தைப் பிரித்துக் கொடுக்கும் ஏற்பாடும் கெட்டிருக்கலாம். பின்சக்கரம் முதலில் பூட்டி வண்டி திரும்பிவிடும். அப்போது குழந்தைகளை ஏற்ற வேண்டாம், வண்டியை எடுக்கவே வேண்டாம்.

கேள்வி: ‘‘எங்கள் பழைய டிராக்டரில் பிரேக் விளக்கு எதுவும் இல்லை. கரும்பு டிரெய்லர் இழுக்கிறோம். பிரேக் சரியாக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?’’

– விழுப்புரம் மாவட்ட வாசகர் ஒருவர்

பதில்: விளக்கு இல்லாத வண்டிக்குக் காலும் கண்ணும்தான் விளக்கு. டிராக்டரில் வலது, இடது பின்சக்கரங்களுக்குத் தனித்தனி பெடல்கள் உள்ளன. வயலில் திரும்புவதற்கு அது வசதி. ரோட்டுக்கு ஏறும்முன் இரண்டு பெடல்களையும் இணைக்கும் கொக்கியைக் கட்டாயம் மாட்ட வேண்டும். மறந்து ஒரு பெடலை மட்டும் மிதித்தால், ஒரு சக்கரம் மட்டும் நின்று டிராக்டர் திரும்பிவிடும். பின்னால் வரும் லோடு அதைக் கவிழ்த்துவிடும்.

வாரம் ஒருமுறை, டிரெய்லர் இல்லாமல், ஆள் இல்லாத சமதளத்தில் மெதுவாக ஓட்டி, கொக்கி மாட்டிய நிலையில் பிரேக் பிடித்துப் பாருங்கள். டிராக்டர் நேராக நிற்க வேண்டும். ஒரு பக்கம் இழுத்தால் இரண்டு பெடல்களின் தளர்வும் சமமாக இல்லை, அல்லது ஒரு பக்கத் தட்டு தேய்ந்திருக்கிறது. எவ்வளவு தளர்வு இருக்க வேண்டும் என்பது உங்கள் டிராக்டரின் புத்தகத்தில் இருக்கும். அந்த அளவுக்கு இரண்டு பக்கமும் ஒன்றாக வைக்கச் சொல்லுங்கள். சாய்வான இடத்தில் ஹேண்ட் பிரேக் தனியாக வண்டியை நிறுத்துகிறதா என்பதையும், சக்கரத்துக்குப் பின்னால் கல் வைத்துவிட்டுச் சோதிக்கலாம்.

பெரும்பாலான டிரெய்லர்களில் தனி பிரேக் கிடையாது. முழு எடையையும் டிராக்டரின் இரண்டு சக்கரங்களே நிறுத்த வேண்டும். பாலத்தின் இறக்கத்திலும் ஏரிக்கரை இறக்கத்திலும் கிளட்ச்சை மிதித்துக்கொண்டு உருட்டாதீர்கள். இறக்கம் தொடங்குவதற்கு முன்பே சிறிய கியருக்கு மாற்றிவிடுங்கள். பாதி இறக்கத்தில் கியர் மாற்றப் போய் விழாமல் போனால், பிடித்து நிறுத்த எதுவும் மிச்சம் இருக்காது.